உச்ச விலை செல்போன்: குதிரைத்திறனைப் பார்ப்பதா, இறைக்கும் நீரைப் பார்ப்பதா?

கிணற்றில் ஊறும் நீர் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கே சரியாக இருக்கும் இடத்தில், பத்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி மாட்டினால் என்ன நடக்கும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணறு சீக்கிரம் வற்றும். வாய்க்காலில் பாயும் மொத்த நீர் கூடாது. மோட்டாருக்கு வாங்கிய கடன் மட்டும் நிலைத்து நிற்கும். செல்போன் வாங்குவதிலும் இதே கணக்கு பொருந்தும்.

செல்போன் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. 2019 இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக விவசாயியின் கணக்கில் சேர்கிறது. அதற்கு வேண்டிய ஆதார் சரிபார்ப்பைப் போனில் முகத்தைக் காட்டியே முடிக்கும் வசதி 2023 இல் வந்தது. ஆலங்கட்டி மழையாலோ வெள்ளத்தாலோ தனி வயலில் பயிர் சேதமானால், பயிர்க் காப்பீட்டு விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 2018 இல் தமிழக அரசு கொண்டு வந்த உழவன் செயலி, உரக்கடையில் பணம் செலுத்தும் யு.பி.ஐ., கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டி நிறுத்தும் செல்போன் ஸ்டார்ட்டர் ஆகிய எல்லாமே கையில் இருக்கும் போனை நம்பியவை. தேவையான நேரத்தில் போன் நின்று போனால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

மறுபக்கம் விலை. உச்ச ரகப் போன் ஒன்றின் விலை 1,29,999 ரூபாய். கிசான் திட்டத்தில் 21 ஆண்டுகளுக்கு மேல் வரும் தொகை அது. வட்டியில்லாத் தவணை என்று 24 மாதங்களுக்குப் பிரித்தாலும் மாதம் சுமார் 5,417 ரூபாய் கட்ட வேண்டும். ஆகவே இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது, அதில் வயலுக்கு உதவுவது எவ்வளவு என்பதைப் பகுத்துப் பார்ப்பது நலம்.

ஒப்பிடப்படும் மூன்று ரகங்கள்

ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் முதல் வரிசை மாடல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் பிக்சல் 9, 2024 ஆகஸ்டில் வந்தது. விலை 79,999 ரூபாய். ஒன்பிளஸ் 13, 2025 ஜனவரியில் இந்தியாவில் வந்தது. விலை 69,999 ரூபாய். சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா அதே மாதம் வெளியிடப்பட்டது. விலை 1,29,999 ரூபாய். மூன்றிலும் 12 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு கொண்ட ரகத்துக்கு, வெளியான சமயத்தில் சொல்லப்பட்ட விலைகள் இவை.

பிறகு 2025 ஆகஸ்டில் பிக்சல் 10, நவம்பரில் ஒன்பிளஸ் 15 எனப் புதிய மாடல்கள் வந்துவிட்டன. மாடல் மாறினாலும் பார்க்க வேண்டிய அம்சங்கள் மாறுவதில்லை. புதியது வந்தவுடன் பழைய மாடலின் விலை இறங்குவது வழக்கம் என்பதால், ஒரு வருடம் முந்திய மாடலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் விவசாயிக்கு லாபமே.

வேகப் பரீட்சையும் அன்றாட வேலையும்

கடைக்காரர் முதலில் சொல்வது பிராசசரைப் பற்றித்தான். போனின் எஞ்சின் அது. எஸ்25 அல்ட்ராவிலும் ஒன்பிளஸ் 13 இலும் இருப்பது ஸ்நாப்டிராகன் 8 எலைட். பிக்சல் 9 இல் இருப்பது கூகுளின் டென்சர் ஜி4. கீக்பெஞ்ச் என்ற வேகப் பரீட்சையில் பிராசசரின் எல்லாப் பகுதிகளையும் ஒருசேர ஓட்டிப் பார்த்தால், டென்சர் ஜி4 எடுக்கும் மதிப்பெண் மற்றதில் ஏறக்குறையப் பாதிதான்.

இதைக் கேட்டவுடன் பிக்சல் பாதி வேகத்தில்தான் வேலை செய்யும் என்று நினைக்கத் தோன்றும். நடைமுறை அப்படியில்லை. வாட்ஸ்அப்பைத் திறப்பது, யு.பி.ஐ.யில் பணம் அனுப்புவது, சந்தை விலை பார்ப்பது, இலையைப் படம் எடுப்பது ஆகிய வேலைகளுக்குப் பிராசசரின் முழுத் திறமும் தேவைப்படுவதில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வேலை செய்துவிட்டு எஞ்சின் ஓய்ந்துவிடுகிறது. மூன்று போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வேலைகளைச் செய்தால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது அரிது. பெரிய விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஆடுவோருக்கும், நீளமான வீடியோக்களை வெட்டி ஒட்டுவோருக்குமே அந்த இரட்டிப்புத் திறம் பயன்படும்.

மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதற்குச் சான்றும் உண்டு. 2021 ஜூலையில் ஒன்பிளஸ் 9, 9 ப்ரோ போன்களை கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அன்றாடம் பயன்படும் பிரபலமான செயலிகளில் வேகத்தைக் குறைத்தும், பரீட்சைச் செயலியில் முழு வேகத்தில் ஓடவிட்டும் அவை அமைக்கப்பட்டிருந்ததே காரணம். 2022 மார்ச்சில் இதே போன்ற காரணத்துக்காக சாம்சங்கின் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான முதல் வரிசைப் போன்களும் நீக்கப்பட்டன. சூட்டையும் பாட்டரிச் செலவையும் கட்டுப்படுத்தவே அவ்வாறு செய்ததாக நிறுவனங்கள் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அதாவது, அன்றாட வேலைக்கு முழு வேகம் தேவையில்லை என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டது போல் ஆயிற்று. விளம்பரத்தில் காட்டும் வேகம் பரீட்சைக் கூடத்துக்கு உரியது. அந்த வேகத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுப்பது விவசாயிக்கு அவசியமில்லை.

வெயிலில் வேகம் குறைவது ஏன்?

வயலில் போனுக்கு முதல் எதிரி சூடு. பிராசசர் வேலை செய்யும்போது சூடு உண்டாகிறது. போனில் காற்றாடி கிடையாது. உள்ளே உண்டாகும் சூடு உறை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே 25 டிகிரி இருந்தால் அது சுலபம். சித்திரை வெயிலில் 40 டிகிரி இருந்தால் சூடு இறங்க வழியில்லை. எனவே, தன்னைக் காத்துக்கொள்ளப் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மேலும் சூடானால் திரையின் வெளிச்சத்தையும் குறைக்கும். அதற்கும் மேல் போனால் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். வெயிலில் திரை தெரியாமல் தவிக்கும் அதே நேரத்தில் திரை மங்குவது இதனால்தான்.

விலை உயர்ந்த போனும் இதற்கு விலக்கல்ல. சக்தி மிகுந்த எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது கூடுதல் சூட்டையும் உண்டாக்கும். வேகத்தை இடைவிடாமல் 20 நிமிடம் சோதிக்கும் பரீட்சைகளில், முதல் நிமிடம் காட்டிய வேகத்தை உச்ச ரகப் போன்கள் பலவும் கடைசி வரை தக்கவைப்பதில்லை. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்திலேயே போனைப் பயன்படுத்த வேண்டும் என்று சாம்சங், கூகுள் ஆகிய நிறுவனங்களே குறிப்புத் தந்துள்ளன. வேலூர், திருச்சி, கரூர் பக்கத்துக் கோடையில் பல நாள் பகல் முழுவதும் அந்த வரம்பைத் தாண்டியே இருக்கும்.

ஆகவே, எந்த விலைப் போனானாலும் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். டிராக்டரின் முன்பலகையிலோ தகரக் கூரை வேய்ந்த மோட்டார் கொட்டகையிலோ போனை வைக்கக் கூடாது. வெயிலில் வைத்து சார்ஜ் போடக் கூடாது. தடித்த ரெக்சின் உறை சூட்டை வெளியே விடாது. கோடையில் மெல்லிய உறை போதும். போன் கொதித்துவிட்டால் தண்ணீரிலோ ஐஸ் பெட்டியிலோ வைக்காமல், உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் தானே ஆறிவிடும்.

வெயிலில் திரை தெரிய வேண்டும்

உச்ச ரகப் போன்களில் விவசாயிக்கு உண்மையிலேயே உதவும் அம்சம் திரையின் வெளிச்சம். இதனை நிட் என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். இங்கேயும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒன்பிளஸ் 13 க்கு 4,500 நிட், பிக்சல் 9 க்கு 2,700 நிட், எஸ்25 அல்ட்ராவுக்கு 2,600 நிட் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். இது சில வகை வீடியோக்களில், திரையின் சிறு பகுதி மட்டும் சிறிது நேரம் எட்டும் உச்சம். வெளியில் நின்று முழுத்திரையைப் பார்க்கும்போது கிடைக்கும் வெளிச்சம் வேறு. அந்தக் கணக்கில் ஒன்பிளஸ் 13 க்கு நிறுவனம் சொல்லும் அளவு 1,600 நிட். பிக்சல் 9 க்கோ 1,800 நிட். விளம்பரத்தில் பின்தங்கியது வயலில் முந்திக்கொள்கிறது.

எஸ்25 அல்ட்ராவின் திரைக் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி எறிவதைப் பெரிதும் குறைக்கும் தன்மை கொண்டது. நட்டநடு வெயிலில் முகமும் வானமும் கண்ணாடியில் தெரிந்து தொல்லை தருவது இதில் குறைவு. ஆனால், அதன் மேல் சாதாரண ஒட்டுக் கண்ணாடியை ஒட்டினால் அந்த நன்மை போய்விடும்.

பாட்டரியும் மின்சாரமும்

பாட்டரியின் கொள்ளளவு மில்லி ஆம்பியர் மணி என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. பிக்சல் 9 இல் 4,700, எஸ்25 அல்ட்ராவில் 5,000, ஒன்பிளஸ் 13 இல் 6,000. பாட்டரியின் ஒரு முனையில் கரியோடு சிலிக்கானைக் கலந்து செய்யும் புதிய முறையால், பருமன் கூடாமலே ஒன்பிளஸில் இவ்வளவு அடக்க முடிந்தது. பிக்சலைவிட இது கால் பங்குக்கும் மேல் அதிகம்.

சார்ஜ் ஏறும் வேகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்பிளஸ் 13 இல் 100 வாட், எஸ்25 அல்ட்ராவில் 45 வாட், பிக்சல் 9 இல் 27 வாட். ஒன்பிளஸ் முக்கால் மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். எஸ்25 அல்ட்ராவுக்குச் சுமார் ஒரு மணி நேரமும் பிக்சலுக்கு அதற்கு மேலும் ஆகும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களில் இது பெரிய உதவி. ஒன்பிளஸின் முழு வேகம் அதன் சொந்த சார்ஜரில்தான் கிடைக்கும். இந்தியாவில் அது பெட்டியிலேயே வந்தது. மற்ற இரண்டின் பெட்டியில் சார்ஜர் கிடையாது. தனியாக வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோபுரம் தூரத்தில் இருந்தால் எந்தப் போனுக்கும் பாட்டரி சீக்கிரம் இறங்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டி அலைகளை அனுப்ப வேண்டியிருப்பதே காரணம். பேச்சு மட்டும் போதுமான சமயத்தில் இணைய டேட்டாவை நிறுத்தி வைப்பது ஓரளவு உதவும். விலை கூடிய போனானாலும் கோபுரம் இல்லாத இடத்தில் சிக்னலை உண்டாக்கிவிடாது. ஆகவே, முதலில் தன் வயலில் எந்தக் கம்பெனி சிம் நன்றாக எடுக்கிறது என்பதை அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் கேட்டறிவது, போனை மாற்றுவதைவிட மலிவான வழி.

தண்ணீர், சேறு, மருந்து

மூன்று போன்களுக்கும் ஐ.பி.68 என்ற பாதுகாப்புத் தரம் உண்டு. தூசி உள்ளே புகாது, நல்ல தண்ணீரில் குறிப்பிட்ட ஆழத்தில் சிறிது நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது இதன் பொருள். சாம்சங் சொல்லும் கணக்கு ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஒன்பிளஸ் 13 க்கு மேலும் ஐ.பி.69 தரம் உண்டு. வேகமாகப் பீய்ச்சும் சூடான நீரையும் அது தாங்கும் என்று சோதிக்கப்பட்டது.

இந்தச் சோதனைகள் புதுப் போனில், நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. பூச்சிமருந்துக் கரைசல், யூரியா கலந்த நீர், உப்புத் தண்ணீர், சோப்பு நுரை ஆகியவை இதில் சேரா. போன் ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெளிந்துவிட்டாலும், வெளிக்கடையில் திறந்து பழுது பார்த்திருந்தாலும் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியில் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே, மருந்து தெளிக்கும்போது போனை வரப்பில் வைத்துவிட்டுப் போவதே சரி.

ஈரக் கையால் திரையைத் தொடுவது நாற்று நடும் காலத்துத் தொல்லை. ஒன்பிளஸ் 13 இன் திரை, தண்ணீர்த் துளிகள் படிந்திருக்கும்போதும் விரலைப் பிரித்தறியும்படி செய்யப்பட்டுள்ளது. மூன்று போன்களிலும் கைரேகையை ஒலி அலைகளால் படிக்கும் முறை இருக்கிறது. விரல் சற்று ஈரமாக இருந்தாலும் இது படித்துவிடும். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த விரலுக்கு எந்த முறையும் உத்தரவாதமில்லை. வாங்கும்போது தன் விரலை வைத்தே சோதிப்பது நலம். ஆதார் சரிபார்ப்புக்கும் போனின் இந்தக் கைரேகைப் பகுதிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் அறிய வேண்டும். போனில் செய்யும் முகச் சரிபார்ப்புக்குத் தேவை ஒழுங்கான கேமராவும் நல்ல வெளிச்சமும்தான்.

கேமரா: 200 பெரிதா, 50 பெரிதா?

எஸ்25 அல்ட்ராவின் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல். மற்ற இரண்டிலும் 50 மெகாபிக்சல். நான்கு மடங்கு தெளிவு என்று கருத வேண்டாம். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அல்ட்ரா 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமராவோ நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய அதே அளவுப் படத்தைத் தருகிறது. தூரத்துப் பொருளை இழுத்துப் பார்ப்பதில் அல்ட்ராவுக்குத் தனித் திறமை உண்டு. அதிலுள்ள ஒரு லென்ஸ் மூன்று மடங்கும் மற்றொன்று ஐந்து மடங்கும் இழுக்கும். தென்னை மட்டையின் அடியில் இருக்கும் பூச்சித் தாக்குதலை மரம் ஏறாமல் பார்க்க இது உதவலாம். பிக்சல் 9 இல் இதற்கெனத் தனி லென்ஸ் இல்லை.

பூச்சியையும் நோயையும் காட்டப் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அசுவினியும் இலைப்பேனும் சுருங்கிய படத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாது. அனுப்பும்போது எச்.டி. என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 இல் வந்த வசதி இது. படத்தை டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்பினால் சுருங்காமலே போகும். இலையை நிழலில் பிடித்து, மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, முழுச் செடி ஒன்று என மூன்று படம் எடுத்தால், வேளாண் அலுவலர் பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கும். இப்படி எடுத்தால் 15,000 ரூபாய் போனின் படமும் போதுமானதாகவே இருக்கும்.

ஆண்டுக் கணக்கு

கறவை மாட்டை வாங்கும்போது எத்தனை ஈற்று கறக்கும் என்று கணக்கிடுவது போல, போன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட வேண்டும். போனின் ஆயுளை முடிவு செய்வது இரும்பும் கண்ணாடியும் மட்டுமல்ல. நிறுவனம் எத்தனை ஆண்டு மென்பொருளைப் புதுப்பித்துத் தருகிறது என்பதே முக்கியம். புதுப்பிப்பு நின்றுவிட்டால் திருடர்கள் புகும் ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். நாளடைவில் வங்கிச் செயலிகளும் பழைய பதிப்பில் ஓட மறுக்கும். 2013 இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்குவதை 2025 தொடக்கத்தோடு வாட்ஸ்அப் நிறுத்திக்கொண்டது இதற்கு உதாரணம்.

எஸ்25 அல்ட்ராவுக்கும் பிக்சல் 9 க்கும் 7 ஆண்டு புதுப்பிப்பு உண்டு என்று நிறுவனங்கள் உறுதி கூறியுள்ளன. ஒன்பிளஸ் 13 க்கு 4 முறை ஆண்ட்ராய்டு பதிப்பு மாற்றமும் 6 ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பும் கிடைக்கும். வெளியானபோது இருந்த விலையை இந்த ஆண்டுகளால் வகுத்தால், அல்ட்ராவுக்கு ஆண்டுக்குச் சுமார் 18,571 ரூபாய், ஒன்பிளஸுக்கு 11,667 ரூபாய், பிக்சலுக்கு 11,428 ரூபாய் ஆகிறது. இடையில் ஒருமுறையாவது பாட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். சில நூறு முறை நிறைத்துத் தீர்த்தபின் கொள்ளளவு குறைவது பாட்டரியின் இயல்பு. அந்தச் செலவு தனி.

இப்போது குறைந்த விலைப் போன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாம்சங்கின் கேலக்ஸி ஏ16 5ஜி, 2024 அக்டோபரில் வந்தபோது 8 ஜி.பி. ராம், 128 ஜி.பி. சேமிப்பு கொண்ட ரகத்தின் விலை 18,999 ரூபாய். பாட்டரி அல்ட்ராவில் இருக்கும் அதே 5,000. புதுப்பிப்பு 6 ஆண்டுகள். ஆண்டுக் கணக்கு சுமார் 3,167 ரூபாய். அல்ட்ராவின் ஓராண்டுப் பங்கு, இந்தப் போன் ஒன்றின் மொத்த விலைக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறது. மெமரி கார்டு போடும் வசதி அந்த மூன்று உச்ச ரகங்களிலும் இல்லை. இதில் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஏ16 இன் திரை வெயிலில் உச்ச ரகம் அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்கு இருப்பது ஐ.பி.54 தரம். சாரலையும் தூறலையும் தாங்குமே தவிர, வாய்க்காலில் விழுந்தால் தாங்கும் என்று நம்பக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் படம் அவ்வளவு நன்றாக வராது. செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போவதால் ஐந்தாம் ஆறாம் ஆண்டில் வேகம் குறைவதும் தெரியும்.

மலிவுப் போன் தடுமாறுவது எதனால்?

மிக மலிவான போன் ஆறே மாதத்தில் தடுமாறுவதைக் கண்டவர்கள் பிராசசரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ராமும் சேமிப்பும். ராம் என்பது நெல் காயப்போடும் களம் போன்றது. களம் சிறிதானால் ஒரு குவியலை வாரிவிட்டுத்தான் அடுத்ததைப் பரப்ப முடியும். 4 ஜி.பி. ராம் உள்ள போனில் வங்கிச் செயலியிலிருந்து ரகசிய எண்ணைப் பார்க்கச் செய்திப் பகுதிக்குப் போய்த் திரும்பினால், வங்கிச் செயலி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். சேமிப்பு என்பது பத்தாயம். பத்தாயம் பெரிதாக இருந்தும் வாய் சிறிதானால் அள்ளிப் போட நேரமாகும். மலிவுப் போன்களில் இ.எம்.எம்.சி. என்ற பழைய வகைச் சேமிப்பு இருக்கும், யு.எஃப்.எஸ். என்ற வகை அதைவிட வேகமானது. சேமிப்பு நிறைந்து வழிந்தாலும் போன் மந்தமாகும். தினமும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் வாரம் ஒருமுறை அழித்துவிட்டால் பழைய போனிலும் வேகம் கூடும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. ராம் 6 ஜி.பி.க்குக் குறையாமலும், சேமிப்பு 128 ஜி.பி.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 8 ஜி.பி. ராம் இருந்தால் மேலும் நல்லது.

2. புதுப்பிப்பு எத்தனை ஆண்டு, எந்த மாதத்திலிருந்து கணக்கு என்று கேட்க வேண்டும். மாடல் வெளியான நாளிலிருந்து ஆண்டு எண்ணப்படும் என்பதால், பழைய மாடலில் மீதியுள்ள ஆண்டுகளையே கணக்கில் கொள்ள வேண்டும்.

3. கடையை விட்டு வெளியே வெயிலில் நின்று திரையைப் பார்க்க வேண்டும். கடை விளக்கில் எல்லாத் திரையும் பளபளக்கும்.

4. தன் விரலை வைத்துக் கைரேகையைச் சோதிக்க வேண்டும். ஈரம் தொட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

5. பக்கத்து ஊரில் நிறுவனத்தின் பழுது நிலையம் உண்டா, திரை மாற்ற என்ன செலவு என்று விசாரிக்க வேண்டும். உச்ச ரகப் போன்களின் திரையை மாற்றும் செலவில் நல்லதொரு நடுத்தரப் போனையே வாங்கிவிடலாம்.

6. சார்ஜர், உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே மொத்த விலையைக் கணக்கிட வேண்டும்.

யாருக்கு எது?

விளைபொருளை வீடியோ எடுத்து நேரடியாக விற்பவர், பகல் முழுவதும் வெட்டவெளியில் திரையைப் பார்த்து வேலை செய்பவர், பல ஆண்டு ஒரே போனை வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவர் ஆகியோருக்கு உச்ச ரகம் பலன் தரும். அவர்களும் ஒரு வருடம் பழைய மாடலை விலை இறங்கியபின் வாங்குவது சிக்கனம். பாட்டரியும் சார்ஜ் வேகமும் முக்கியம் என்றால் ஒன்பிளஸ் 13, குறைந்த செலவில் நீண்ட காலப் புதுப்பிப்பு வேண்டுமானால் பிக்சல் 9, தூரத்துப் படமும் வெயிலில் தெளிவான திரையும் தொழிலுக்கே அவசியம் என்றால் அல்ட்ரா என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் அன்றாட வேலைகளுக்கு, நல்ல ராமும் நீண்ட புதுப்பிப்பும் உள்ள 15,000 முதல் 20,000 ரூபாய் வரையிலான போன் போதும். அல்ட்ராவுக்கும் அதற்கும் இடையே மிச்சமாகும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகை, சொட்டுநீர்க் குழாய்க்கோ கறவை மாட்டுக்கோ ஆகும். அவை ஆண்டுதோறும் திருப்பித் தரும்.

போன் பழுதாகிக் கிடக்கும் நாளிலும் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. பயிர்ச் சேதத்தைத் தெரிவிக்க 14447, வேளாண் ஆலோசனைக்கு 1800 180 1551 ஆகிய எண்களைப் பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நலம். 72 மணி நேரக் கெடு, போன் பழுது பார்த்து வரும் வரை காத்திருக்காது.